நிலத்தடிப் பொருள் யாருடையது?

நான் தலைமையாசிரியனாக இருந்த ஊரில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் மாலை, மணி அடித்து எல்லாரும் வீட்டுக்குப் போன பின்பும் போகாமல் என் அறை வாயிலில் நின்றுகொண்டிருந்தான். "என்ன தம்பி?" என்று கேட்டேன். அவனுடைய தந்தையார் மூன்று ஏக்கர் புன்செய் உடையவர். அந்நிலத்தில் கிணறு தோண்டும்போது இருபதடி ஆழத்தில் பாறை தட்டிற்று. வெடி வைத்துப் பிளந்தார்கள். தண்ணீர் வரவில்லை, கல்தான் வந்தது. கிணற்றுக்கென்று வாங்கிய கடனை ஓரளவாவது அடைக்கலாம் என்றெண்ணி, அவர் அந்தக் கல்லைச் சாலை போடும் ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு விற்றார். இரண்டாம் வண்டி ஊரெல்லையைத் தாண்டுமுன்னே அலுவலர் ஒருவர் அதை மறித்து, அனுமதிச் சீட்டு இல்லையென்று கூறி, அபராதமும் விதித்துவிட்டார். "ஐயா, நிலம் எங்களுடையது. பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. தீர்வை தவறாமல் கட்டி வருகிறோம். எங்கள் நிலத்துக் கல்லை எடுக்க நாங்கள் ஏன் ஐயா பணம் கட்டவேண்டும்?" என்று அவன் கேட்டான்.

"அது சட்டம், தம்பி" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். முப்பதாண்டுக் காலம் வரலாறு கற்பித்தவன் சொல்லத்தக்க விடை அன்று அது. விடை தெரியாத ஆசிரியர்கள் அவ்வாறுதான் சொல்வார்கள். அன்று சொல்லாமல் விட்டதை, பின்னர் ஓய்வுக் காலத்தில் படித்துத் தெரிந்துகொண்ட அளவில், மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று கூறுகிறேன்.

அந்தப் பையனின் வினா மிகப் பழமையானது. கௌடிலியர் இயற்றியதாகக் கூறப்படும் அர்த்தசாஸ்திரத்திலே சுரங்கங்களைப் பற்றித் தனியே ஒரு பகுதி உண்டு. சுரங்கங்களைக் கண்காணிப்பதற்கென்று ஓர் அதிகாரி அங்கே நியமிக்கப்படுகிறார். எளிதில் வெட்டக்கூடிய சுரங்கத்தை அரசன் தானே நடத்துவான். பெருஞ்செலவு பிடிக்கும் சுரங்கத்தைப் பங்குக்கோ குத்தகைக்கோ பிறரிடம் விடுவான். சுரங்கத்தையோ, இரத்தினத்தையோ, புதையலையோ கண்டு வந்து அறிவிப்பவனுக்கு ஆறில் ஒரு பங்கு தரவேண்டும். அவன் அரசனிடம் ஊதியம் பெறும் பணியாளனாக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குச் சொல்லும் அவ்விடத்தில், அந்த நிலத்துக்கு உடையவன் யார், அவனுக்கு என்ன உண்டு என்பது பற்றி ஒரு பேச்சும் இல்லை. கண்டவனுக்குப் பங்கு உண்டு. அரசனுக்குப் பங்கு உண்டு. மேலே ஏர் பூட்டி உழுதவனைக் காணோம்.

மனுவின் பெயரால் வழங்கும் தரும நூல் இன்னும் வெளிப்படையாகக் காரணம் கூறுகிறது. பழம் புதையலிலும், பூமியிலிருந்து கிடைக்கும் உலோகத்திலும் பாதி அரசனுக்குரியது. ஏனெனில் அவன் காப்பவன், அவனே பூமிக்கு அதிபதி என்பது அதன் கருத்து. இதில் இரண்டு நியாயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காவலுக்குக் கூலி என்பது ஒன்று. மண் முழுவதும் தனதே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேறு வேறு. காவல் கூலியென்றால் வரி வாங்கலாம். மண்ணே தனதென்றால் வரியோடு பொருளையும் வாங்கலாம். இந்த வேற்றுமையை மறவாதீர்கள். பிற்காலத்து வழக்குகள் எல்லாம் இதனைச் சுற்றியே எழுந்தன.

நம் நாட்டுச் சாசனங்களைப் பார்த்தால், அரசர்கள் இவ்விஷயத்தில் எவ்வளவு விழிப்பாக இருந்தார்கள் என்பது தெரிகிறது. விஜயநகரக் காலத்துச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும், ஓர் ஊரைக் கோயிலுக்கோ அந்தணர்க்கோ தானமாகக் கொடுக்கும்போது, அஷ்டபோகம் என்று எட்டு வகை உரிமைகளை எண்ணிச் சொல்லும் வழக்கம் இருந்தது. நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்பன அவை. நிதி என்றால் புதையல். நிக்ஷேபம் என்றால் வைத்து மறைத்த பொருள். ஜலம் நீர், பாஷாணம் கல். மற்றவை நிலைத்த பயன், இனி வரும் பயன், இப்பொழுது உள்ள பயன், முயன்றால் பெறக்கூடிய பயன் என்று விரியும். ஊரைக் கொடுத்தேன் என்ற அளவோடு நிறுத்தாமல், அடியில் கிடக்கும் கல்லையும் கொடுத்தேன் என்று எழுதினார்கள். எழுதாவிட்டால் கொடுத்ததாகாது என்ற அச்சம் பெற்றவனுக்கு இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பட்டியல் எதற்கு? பாஷாணம் என்ற சொல்லில் இரும்புத் தாதும் அடங்குமா என்று இன்று ஒருவர் வழக்காடினால், இரு பக்கமும் பேச இடமிருக்கும். கல் அடங்கும் என்பதில் ஐயமில்லை. என் மாணவனுடைய தந்தையார் அக்காலத்திலே இருந்து, அவர் கையில் அப்படி ஒரு செப்பேடும் இருந்திருந்தால், அவருடைய வண்டியை எவரும் மறித்திருக்க மாட்டார்கள்.

ஆங்கிலேயர் இங்கே ஆட்சி நிறுவியபோது தங்கள் நாட்டு வழக்கையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆகவே அந்நாட்டில் நிலை என்ன என்று சற்றுப் பார்க்கவேண்டும். நிலம் எவனுடையதோ, அதற்கு மேலே வானம் வரையிலும், கீழே பாதாளம் வரையிலும் அவனுடையதே என்பது அந்நாட்டு வழக்கறிஞர்கள் போற்றிய பழங்கொள்கை. அதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. வடக்கே கம்பர்லாந்தில் கெஸ்விக் என்னும் ஊருக்கருகில், நார்தம்பர்லாந்துப் பிரபுவான தாமஸ் பெர்சியின் நிலத்தில் செம்புத் தாது கிடைத்தது. எலிசபெத் அரசியிடம் உரிமை பெற்று வந்தவர்கள் அதைத் தோண்டினார்கள். பிரபு தடுத்தார். வழக்கு 1568ஆம் ஆண்டில் முடிந்தது. பொன்னும் வெள்ளியும் எவர் நிலத்தில் கிடைத்தாலும் அவை முடிக்குரியவை என்று நீதிபதிகள் கூறினர். நாணயம் அடிக்கவும் படை திரட்டவும் அரசுக்கு அவை வேண்டும் என்பது முடியின் பக்கத்தார் காட்டிய நியாயங்களுள் ஒன்று. பெர்சியின் செம்பிலே சிறிது பொன்னும் வெள்ளியும் கலந்திருந்தமையால் செம்பும் போயிற்று. மறு ஆண்டே அவர் அரசிக்கு எதிராக வடநாட்டில் எழுந்த கிளர்ச்சியில் சேர்ந்து, 1572இல் தலையிழந்தார். செம்புச் சுரங்கம் ஒன்றுதான் அவரைக் கிளர்ச்சிக்காரராக்கியது என்று சொல்வதற்கில்லை. சமயப் பூசலே பெரிய காரணம். ஆனால் அவர் மனத்தில் அந்தப் புண்ணும் இருந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

கலப்படத்தைக் காரணமாகக் காட்டி எல்லாச் சுரங்கமும் போய்விடுமோ என்று நில உடையவர்கள் அஞ்சினர். ஆதலால் 1688, 1693ஆம் ஆண்டுச் சட்டங்கள் செம்பு, ஈயம், தகரம், இரும்பு ஆகியவற்றின் சுரங்கங்களை அவ்வழக்கின் பிடியிலிருந்து விடுவித்தன. நிலக்கரியோ தொடக்கமுதலே நிலக்காரனுடையதுதான். தொழிற்புரட்சிக் காலத்தில் ஆங்கிலப் பிரபுக்கள் பலர், ஒரு கூடை கரி தாங்கள் வெட்டாமலே, தம் நிலத்தடியில் பிறர் வெட்டிய ஒவ்வொரு டன்னுக்கும் ராயல்டி பெற்றுச் செல்வம் குவித்தார்கள். 1938ஆம் ஆண்டில்தான் பாராளுமன்றம் அவ்வுரிமையை அரசுக்கு மாற்றியது. அதற்கு ஈடாகக் குறித்த தொகை 6 கோடியே 64 லட்சத்து 50 ஆயிரம் பவுன். எடுத்துக்கொண்டார்கள், ஆனால் விலை கொடுத்து எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். காரன்வாலிஸ் பிரபு 1793இல் வங்காளத்திலும் பீகாரிலும் நிரந்தர நிலவரித் திட்டத்தை ஏற்படுத்தினார். ஜமீன்தார் இவ்வளவு பேஷ்குஷ் கட்டவேண்டும், அது என்றும் உயராது என்று வகுத்த அந்தச் சட்டம், நிலத்தடிப் பொருளைப் பற்றி வாய் திறக்கவில்லை. ராணிகஞ்சுப் பக்கத்தில் கரி வெட்ட 1774ஆம் ஆண்டிலேயே கம்பெனியார் அனுமதி கொடுத்திருந்தும், சட்டம் எழுதியவர்களுக்கு அது பெரிய பொருளாகத் தோன்றவில்லை போலும். நூறாண்டு கழிந்தது. இரயில் பாதைகள் வந்தன. எஞ்சின்களுக்குக் கரி வேண்டியிருந்தது. ஜரியா வட்டாரத்தில் யாரும் மதிக்காத மேட்டு நிலமெல்லாம் ஒரே நாளில் பொன்விலை பெற்றது. அப்பொழுது எல்லாருடைய பெட்டியிலிருந்தும் பழைய ஏடுகள் வெளியே வந்தன.

அந்த ஏடுகளில் கரி என்ற சொல்லே இல்லை. எழுதிய காலத்தில் கரியை யார் நினைத்தார்கள்? ஆகவே வழக்கு மன்றங்கள் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஏடு மௌனமாக இருந்தால், அந்த மௌனம் யாருக்குச் சாதகம்?

லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்தான் அக்காலத்தில் நமக்கு மேல்முறையீட்டு மன்றம். அது அடுத்தடுத்துச் சில தீர்ப்புகளை வழங்கியது. 1910ஆம் ஆண்டு வழக்கிலே, தெய்வ வழிபாட்டுக்காக ஒரு கிராமத்தை நிலையான குத்தகையில் பெற்றுப் பரம்பரையாக அனுபவித்து வந்த கோசுவாமிகள், அதன் அடியிலுள்ள கரியைத் தோண்டப் பிறருக்கு உரிமை கொடுத்துவிட்டார்கள். ஜமீன்தார் எதிர்த்தார். அவர் முன்னோர் நிலத்தடி உரிமையைக் கொடுத்ததற்குச் சான்று இல்லை. கொடுத்ததாகக் காட்டப்படாதது ஜமீன்தாரிடமே நிற்கும் என்று தீர்ப்பாயிற்று. 1912இல் ஜரியா ஜமீனைச் சேர்ந்த வழக்கு வந்தது. திக்வார் என்னும் ஊர்க்காவல் பணிக்காக நிலம் பெற்றிருந்தவர்களும் தோற்றார்கள். 1917இல் வந்த வழக்கு எல்லாவற்றிலும் வியப்பானது. அந்தக் குத்தகைச் சீட்டிலே, சகல உரிமைகளோடும் என்று பொருள்படும் 'மை ஹக் ஹகூக்' என்ற பாரசீகத் தொடர் எழுதியிருந்தது. சகலமும் என்றால் அதில் கரி அடங்காதா? அடங்காது என்றார்கள் பிரபுக்கள். கொடுத்த பொருளுக்கு உரிய சகலமும் என்பதே அதன் பொருள். கொடுத்த பொருளை அந்தத் தொடர் பெரிதாக்காது என்பது அவர்கள் நியாயம்.

சட்ட நுணுக்கம் என்ற அளவில் அது வலுவான நியாயமே. ஆயினும் வரலாற்று ஆசிரியன் ஒன்று கேட்கலாம். அதே மௌனம் 1793ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்ததே! அங்கே அரசு கனிப்பொருளைக் கொடுத்ததாகச் சொல்லவில்லை. அப்படியிருந்தும் அது ஜமீன்தாரிடம் சேர்ந்துவிட்டதாகக் கொண்டார்கள். ஜமீன்தார் தமக்குக் கீழே உள்ளவனுக்குக் கொடுத்த ஏட்டில் மட்டும், சொல்லாதது கொடுக்கப்படாதது ஆயிற்று. மௌனம் இரண்டிடத்திலும் நடுத்தட்டில் இருந்த ஜமீன்தாருக்கே பயன்பட்டது. அஷ்டபோகம் என்று எட்டையும் எண்ணி எழுதிவைத்த நம் முன்னோர் அறிவாளிகள் என்று எனக்குத் தோன்றியது இவ்வழக்குகளைப் படித்த பிறகுதான்.

சென்னை மாகாணத்தில் கதை வேறு விதமாக நடந்தது. இங்கே நிரந்தர ஜமீன்களும் இருந்தன, இனாம்களும் இருந்தன, குடியானவரிடம் அரசு நேரே தீர்வை வாங்கும் இரயத்துவாரி முறையும் இருந்தது. இவையன்றி, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்கு வந்த மலையாள ஜில்லாவில் ஜன்மம் என்ற பழம்பெரும் உரிமையும் இருந்தது. ஜன்மி நிலத்தை எந்த அரசனிடமிருந்தும் தானமாகப் பெற்றவன் அல்லன். பிறப்பினாலேயே அது தன்னுடையது என்று அவன் சொல்லி வந்தான். கொடுத்தவனே இல்லாத இடத்தில், கொடுத்த ஏட்டின் மௌனம் எங்கிருந்து வரும்?

இது ஏட்டுப் பேச்சாக மட்டும் நிற்கவில்லை. இன்றைய நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், தேவாலா, பந்தலூர் பகுதிகள் 1877 வரையில் மலையாள ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. அங்கே பாறைகளில் பொன் ரேகை ஓடுகிறது என்ற செய்தி பரவி, ஆஸ்திரேலியப் பொன் வயல்களில் பழகிய பிரௌ ஸ்மித் என்பவர் 1879இல் அழைக்கப்பட்டு, மறு ஆண்டில் அறிக்கை தந்தார். உடனே லண்டனிலே கம்பெனி மேல் கம்பெனியாக முளைத்தது. பந்தலூர் திடீரென்று ஒரு சிறு நகரமாயிற்று. அங்கே நிலத்தில் பெரும்பகுதிக்கு ஜன்மி நிலம்பூர்த் திருமுல்பாடு. பொன் தேடி வந்த துரைமார்கள் அவர் உரிமையை ஒதுக்கிவிட்டு நடக்க முடியவில்லை. பொன்னோ எதிர்பார்த்த அளவில் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் கம்பெனிகள் சரிந்தன. பங்கு வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். திருமுல்பாட்டின் ஜன்மம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சென்னை அரசின் வருவாய் வாரியம் பின்னர்த் தன் நிலையாணைகளில் கொள்கையை எழுதிவைத்தது. நிரந்தர சன்னது பெற்ற ஜமீன்களிலும், விடுவிக்கப்பட்ட இனாம் நிலங்களிலும், மலையாள ஜில்லாவின் ஜன்ம நிலங்களிலும் கனிப்பொருளுக்கு அரசு உரிமை கோருவதில்லை என்பது அதன் சாரம். இரயத்துவாரி நிலத்திலோ, பட்டாதார் கனிப்பொருளை எடுத்தால் தீர்வைக்கு மேலே அரசுக்கும் ஒரு பங்கு சேரவேண்டும். பங்கு கேட்பது உடையவன் என்ற முறையிலா, காவலன் என்ற முறையிலா? மனுவின் பெயரால் வழங்கும் நூலிலே ஒட்டிக்கிடந்த அவ்விரண்டு நியாயங்களும் இங்கேயும் பிரிக்கப்படாமலே கிடந்தன.

நாடு விடுதலை பெற்றது. 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டமும், 1950ஆம் ஆண்டுப் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டமும் ஜமீன்களை அரசுக்கு உரியவையாக்கின. இம்முறை எழுதியவர்கள் மௌனம் காக்கவில்லை. சுரங்கங்களும் கனிப்பொருள்களும் உட்பட என்று தெளிவாகவே எழுதினார்கள். பிரிவி கவுன்சில் ஜமீன்தாருக்குக் காத்துக் கொடுத்த கரி இவ்வாறு அரசைச் சேர்ந்தது. கோசுவாமிகளுக்கும் ஊர்க்காவலருக்கும் அதனால் ஒன்றும் திரும்பவில்லை.

பட்டா நிலத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் நெய்வேலியைச் சொல்லவேண்டும். அங்கே ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார், 1930களின் நடுவில் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, கரிய பொருள் ஒன்று நீரோடு மேலே வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. அவர் அதை ஆராயுமாறு தூண்டியதோடு, பின்னர்த் திட்டத்துக்காகத் தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரைக் கொடையாகவும் வழங்கினார். 1956இல் நெய்வேலி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20ஆம் நாள் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். முதலியாருடைய பெருந்தன்மை போற்றத்தக்கது. ஆனால் இரண்டு ஏக்கரும் மூன்று ஏக்கரும் உடையவர்களிடம் அந்தக் கொடையை எதிர்பார்க்க முடியுமா?

அவர்களுடைய நிலங்கள் சட்டப்படி எடுத்துக்கொள்ளப்பட்டன. அதற்கென்று 1953ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் இயற்றியது. நிலம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டாலும், 1947ஆம் ஆண்டில் அதற்கு இருந்த விலையைத்தான் ஈடாகக் கொடுக்கவேண்டும் என்று அது கூறியது. அடியில் கரி இருக்கிறது என்று தெரிந்த பின்பு ஏறிய விலை உழவனைச் சேரலாகாது என்பது கருத்தாக இருக்கலாம். நாட்டின் பொதுநலத்துக்கு மின்சாரம் வேண்டும், செலவைக் குறைக்கவேண்டும் என்று அரசு நினைத்ததில் தவறில்லை. அந்தச் செலவுக் குறைப்பு யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி. நிலக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எடுக்கும் நாளுக்குப் பல ஆண்டுகள் முந்திய விலையைக் கொடுப்பது உண்மையான ஈடு ஆகாது என்று அது கருதியது. அது மண்ணின் விலையைப் பற்றிய தீர்ப்பு. கரி யாருடையது என்ற வினாவை அது தீர்க்கவில்லை. ஆயினும், விருத்தாசலம் வட்டாரத்து உழவர்கள் அரசோடு வழக்காடி வென்ற செய்தியை நம் பாடநூல்களில் எங்கும் நான் கண்டதில்லை. அதனாலேயே இங்கே விரித்துச் சொன்னேன்.

1957ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் கனிப்பொருள்களுக்கான பெருஞ்சட்டத்தை நிறைவேற்றியது. உரிமமோ குத்தகையோ இல்லாமல் எவரும் கனிப்பொருளைத் தோண்டலாகாது. கட்டடக் கல், சரளை, மணல் போன்றவை சிறு கனிமங்கள். அவற்றுக்கு விதிகள் வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. நம் மாநிலத்து விதிகள் 1959இல் வந்தன. என் மாணவனுடைய தந்தையாரின் வண்டியை மறித்தவர் கையில் இருந்தவை அவ்விதிகளே.

இந்தச் சட்டம் வந்தபின், கனிப்பொருள் எல்லாமே அரசுடையதுதான் என்று பலரும் எண்ணிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் சட்டத்தைப் படித்தால் அப்படி ஒரு வாசகம் அதில் இல்லை. அரசமைப்புச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 297ஆம் விதி, நம் கடற்பரப்புக்கு அடியில் உள்ள கனிப்பொருள்கள் மைய அரசைச் சேர்ந்தவை என்று சொல்லுகிறது. நிலத்துக்கு அடியில் உள்ளவை யாரைச் சேர்ந்தவை என்று எந்த விதியும் அவ்வாறு சொல்லவில்லை. மறுபடியும் மௌனம்!

இம்முறை மௌனத்துக்குப் பொருள் கூறவேண்டிய வாய்ப்பு மலையாள நாட்டிலிருந்தே வந்தது. பழைய ஜன்ம நிலங்களை உடைய சிலரிடம், அவர்கள் வெட்டிய கல்லுக்குக் கேரள அரசு ராயல்டி கேட்டது. நிலத்தடிப் பொருள் அரசுடையது என்பது அரசின் வாதம். வழக்கு உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நீதிபதிகள் லோதா, செலமேசுவர், மதன் லோகுர் ஆகிய மூவரும் தீர்ப்புக் கூறினர். வருவாய் வாரியத்தின் பழைய நிலையாணைகளையெல்லாம் அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். நிலத்தடிச் செல்வம் முழுவதும் அரசுக்குரியது என்று கூறும் சட்டம் ஒன்றும் இல்லை. தக்க முறையில் பறிக்கப்பட்டால் அன்றி, அது மேல்நிலத்துக்கு உடையவனையே சேரும் என்று முடிவு செய்தார்கள். ஒரு பொருளை எடுப்பதற்கு அனுமதி வேண்டும் என்று சட்டம் சொல்வதனாலேயே, அந்தப் பொருள் அனுமதி கொடுப்பவனுடையதாகி விடாது என்பதும் அத்தீர்ப்பில் பெறப்படும் கருத்து. 1917இல் மௌனம் உழுதவனுக்கு எதிராகப் பேசியது. 2013இல் அவன் பக்கம் திரும்பிப் பேசியது. இடையிலே 96 ஆண்டுகள்.

இதனால் நிலக்காரன் நாளைக்கே கடப்பாரை எடுத்துக்கொண்டு போகலாம் என்று எண்ணிவிடாதீர்கள். உடைமை வேறு, எடுக்கும் உரிமை வேறு. 1957ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கிறது. நிலக்கரிக்கும், எண்ணெய்க்கும், அணுசக்திக்கான தாதுக்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் நிற்கின்றன. ஆறும் ஏரியும் அண்டை நிலத்துக் கிணறும் கெடாமல் இருக்கவேண்டுமானால் அந்தக் கட்டுப்பாடு வேண்டியதே என்பது என் கருத்து. ஒருவன் தன் நிலத்தைத் தோண்டினாலும் நீர் ஊரார் எல்லாருடைய கிணற்றிலும் இறங்கிப் போகும்.

ராயல்டி என்பது வரியா, விலையா என்ற வினா மட்டும் நெடுநாள் நின்றது. அதிலும் நம் மாநிலத்துக்குத் தொடர்பு உண்டு. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் சிமெண்டுக் கம்பெனி ஒன்று, ராயல்டியின் மேல் பஞ்சாயத்துச் சட்டப்படி விதித்த தீர்வையை எதிர்த்து வழக்காடியது. ராயல்டி ஒரு வரியே என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை 25ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயத்தில் எண்மர் அதை மாற்றினர். ராயல்டி வரி அன்று. கனிப்பொருளை எடுக்கும் உரிமைக்காகக் குத்தகைக்காரன் குத்தகை விட்டவனுக்குக் கொடுக்கும் தொகை அது என்றார்கள். நீதிபதி நாகரத்தினா ஒருவரே மாறுபட்டார்.

இதைச் செய்தித்தாளில் படித்த சில நாட்களில் அந்தப் பழைய மாணவனைத் தற்செயலாகச் சந்தித்தேன். இப்பொழுது அவனுக்கே கல்லூரியில் படிக்கும் பெண் இருக்கிறாள். மரத்தடியில் உட்கார்ந்து, நான் அன்று சொல்லத் தவறியதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, குத்தகைக்காரன் குத்தகை விட்டவனுக்குக் கொடுப்பதுதான் ராயல்டி என்கிறீர்கள். தன் கல்லைத் தானே எடுத்தவர் எங்கப்பா. அவர் யாருக்குக் குத்தகைக்காரர்?" என்று கேட்டான். நான் சிரித்தேன், அவனும் சிரித்தான்.

கிணறு என்னவாயிற்று என்று விசாரித்தேன். மேலும் பதினைந்தடி இறக்கியபின் சிறிது ஊற்று வந்ததாம். விற்காமல் மிச்சமிருந்த கல்லைக் கொண்டு அவன் தந்தையார் மாட்டுத் தொழுவத்துக்குச் சுவர் எழுப்பினார். அந்தச் சுவருக்கு எவரும் சீட்டுக் கேட்கவில்லை.